விடிந்தால் மருந்து கலக்கப் போகிறவருக்கு ஊற்றாதீர்கள்

வீட்டில் மார்ட்டினி கலக்கும் சிவகாசித் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



பெங்களூரிலும் சென்னையிலும் படித்து, சில வருடம் வேலையும் பார்த்துவிட்டு, அப்பாவின் பிரஸ்ஸையோ பட்டாசு செய்யும் பயர் ஆபீஸையோ தீப்பெட்டி ஆபீஸையோ கவனிக்க ஊர் திரும்பியவர்கள் நீங்கள். அங்கே பழகிய மார்ட்டினியும் உங்களோடு ஊருக்கு வந்துவிட்டது. மொட்டை மாடியில் மேசை போட்டு, காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கி, நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கலந்து கொடுக்கிறீர்கள். நான் பிரஸ்ஸில் இங்க் கலக்கும் வேலையில் தலை நரைத்தவன். என்னையும் மதித்து, 'அண்ணாச்சி, வாங்க' என்று அந்த மேசைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பாராட்ட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையை ஒட்டிய பாரில், பிளாஸ்டிக் டம்ளரில், ஒரு குவார்ட்டரை இரண்டே மடக்கில் கவிழ்த்துவிட்டுப் பைக்கை எடுக்கிற குடியைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போன ஊர் இது. நீங்கள் வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு, பேசிக்கொண்டே, ஒரு கோப்பையை முக்கால் மணி நேரம் வைத்துக் குடிக்கிறீர்கள். அப்பா அம்மாவுக்குத் தெரிந்துதான் செய்கிறீர்கள். ஒளித்துக் குடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதிலும் உங்கள் மாவடு மார்ட்டினி. வெளிநாட்டில் ஆலிவ் காய் ஊறிய உப்புநீரைக் கொஞ்சம் விட்டு 'டர்ட்டி மார்ட்டினி' என்று குடிக்கிறார்கள். வெங்காய ஊறுகாயைப் போட்டால் அதற்குக் கிப்ஸன் என்று பெயர். ஆலிவ் டப்பாவைத் தேடி அலைவானேன், அம்மா போட்ட மாவடு ஜாடிதான் வீட்டில் இருக்கிறதே என்று உங்களில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளின் மாம்பிஞ்சைக் காம்போடு கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மிளகாய்த்தூள், கடுகுத்தூள், மஞ்சள் போட்டு நாள்தோறும் குலுக்கி வைத்தால், பிஞ்சு சுருங்கச் சுருங்கத் தானே விட்டுக்கொள்ளும் நீர்தான் மாவடு நீர். ஜினுக்கு வாசனை கொடுக்கிற ஜூனிபர் காயிலும் பிசின் வாடை உண்டு, மாங்காய்க் காம்பில் வடிகிற பாலிலும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்த மாதிரி சேர்ந்துகொள்கின்றன. இதை நம் ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

இவ்வளவு ரசனை உள்ளவர்கள் சில காரியங்களில் காட்டுகிற அலட்சியம்தான் எனக்கு வலிக்கிறது. முதலில் சின்னக் குறைகள். மாவடு ஜாடிக்குள் ஈரக்கரண்டியை விடாதீர்கள். ஐஸ் கிண்டிய கரண்டியை அப்படியே ஜாடியில் விட்டு நீர் எடுத்ததை நானே பார்த்தேன். ஒரு துளிப் பச்சைத்தண்ணீர் போதும், வருடத்துக்கு என்று போட்ட ஜாடியில் நாலே நாளில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். போட்ட அம்மாவோ பெரியம்மாவோ வாய்விட்டுத் திட்டமாட்டார்கள். ஆனால் அது அவர்களுடைய கைவேலை. வேண்டிய நீரைக் காய்ந்த கரண்டியால் தனிக் கிண்ணத்தில் எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கடுகு விழுதும் மிளகாய்த்தூளும் கோப்பையில் இறங்கினால் தொண்டையைக் கமறும், பார்க்கவும் நன்றாக இருக்காது.

மார்ட்டினியில் ஜினோடு சேர்கிற வெர்மூத் என்பது மூலிகை சேர்த்த ஒயின். திறந்த பிறகு பிராந்தி மாதிரி அலமாரியில் நிற்காது, நம் வெயிலுக்குச் சுத்தமாக நிற்காது. பிரிட்ஜில் வையுங்கள், ஓரிரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். ஐஸிலும் கவனம் வேண்டும். கிண்டி முடிக்கும்போது கோப்பையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உருகிய தண்ணீர் இருக்கும். போர் தண்ணீரை உறைய வைத்தால் அந்த உப்பு முழுக்க நாக்கில் தெரியும். குடிதண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து வீட்டிலேயே உறைய வையுங்கள். ஜேம்ஸ் பாண்ட் சொன்னார் என்பதற்காகக் குலுக்கவும் வேண்டாம். 1953-இல் வந்த முதல் நாவலிலேயே அவர் குலுக்கச் சொல்கிறார், சரிதான். ஆனால் குலுக்கினால் காற்றுக் குமிழும் ஐஸ் துணுக்கும் சேர்ந்து கலங்கிப்போகும். நிறைய ஐஸ் போட்டு அரை நிமிடம் நிதானமாகக் கிண்டினால் போதும், பளிங்காக இறங்கும்.

இனி, இதை எழுத வைத்த காரியத்துக்கு வருகிறேன். நீங்கள் யாரும் அளப்பதில்லை.

கண்ணளவில் ஊற்றுகிறீர்கள். தாராளம் என்று நினைக்கிறீர்கள். எங்கள் தொழிலில், வாடிக்கையாளர் கேட்ட நிறம் வர வேண்டுமானால் இங்க்கைக் கிராம் கணக்கில் தராசில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். கருப்பு அரைக் கிராம் கூடினால் ஆயிரக்கணக்கான காலண்டர் தாள் குப்பைக்குப் போகும். மார்ட்டினியிலும் கணக்கு இருக்கிறது, சொல்கிறேன். பிராந்தியோ ஜினோ, நம்மூர்ப் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் ஏறக்குறைய 61 கிராம். 60 மில்லி ஜினும் 10 மில்லி வெர்மூத்தும் சேர்ந்த ஒரு மார்ட்டினியில் 21, 22 கிராம். மூன்று கோப்பை போனால் ஒரு குவார்ட்டரைத் தாண்டியாயிற்று. கண்ணளவில் கை தாராளமாகி 90 மில்லி ஜின் விழுந்துவிட்டால் இரண்டே கோப்பையில் தாண்டிவிடும். கோப்பை அழகாக இருப்பதாலும், சில்லென்று இருப்பதாலும், மாவடு கடித்துக்கொள்வதாலும் இது நமக்குத் தெரிவதில்லை. பாரில் நின்று குவார்ட்டர் அடிக்கிறவருக்குத் தான் குவார்ட்டர் அடித்தது தெரியும். உங்கள் மாடியிலிருந்து இறங்குகிறவர் 'ரெண்டே ரெண்டு கிளாஸ்தான்' என்று மனசார நம்பிக்கொண்டு வண்டியை எடுக்கிறார். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். சராசரி உடம்புக்காரருக்கு ஒரு முழு மார்ட்டினியே அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும்.

உள்ளே போன ஆல்கஹாலை ஈரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். எலுமிச்சை பிழிந்த மோர் குடித்தாலும், பச்சைத்தண்ணீரில் தலைக்குக் குளித்தாலும், கருப்புக் காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மார்ட்டினி குடித்தவர் உடம்பிலிருந்து அது முழுக்க இறங்க அதிகாலை ஐந்து மணியாகும், சிலருக்கு ஏழு தாண்டும். இறங்கிய பிறகும் தூக்கம் கெட்ட களைப்பு, நாவறட்சி, லேசான கைநடுக்கம் எல்லாம் மத்தியானம் வரை இருக்கும்.

காலை ஆறு, ஏழு மணிக்கு நம் ஊரில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கிராமம் கிராமமாக வேன் போய் ஆளை ஏற்றுகிறது. பட்டாசுக்கு மருந்து கலக்கிறவர் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார், வெயில் ஏறுமுன் கலவையை முடித்தாக வேண்டும் என்பதால். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். நைலான் சட்டை போடக்கூடாது, பருத்திதான். சலிக்கும்போது உரசல் கூடாது. தரையில் சிந்தக்கூடாது. வேண்டிய அளவுக்கு மேல் கலக்கக்கூடாது. கலந்ததை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக்கூடாது. அறைக்குள் ஆள் கூடக்கூடாது. இந்த விதி ஒவ்வொன்றும் இங்கே உயிர் போன பிறகு மனசில் பதிந்தது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்து என்றாலும், 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் வெடிவிபத்து என்றாலும் இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த விபத்துகளுக்கும் குடிக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் செத்தவர்களுக்குச் செய்கிற பாவம். ஒரு கை கொஞ்சம் நடுங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். பிரஸ்ஸிலும் இதே கதை உண்டு. கட்டிங் மிஷினில் தாள் கட்டைத் தள்ளிவிட்டுக் கையை எடுக்கிற நேரம் தப்பினால் விரல் இருக்காது.

உங்கள் மேசையில் யார் யார் உட்காருகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். உங்களோடு படித்தவர்கள் இருப்பார்கள், டீலர் வீட்டுப் பையன் இருப்பான். ஓரமாக, நாற்காலியின் நுனியில், கம்பெனி போர்மேனும் உட்கார்ந்திருப்பார். அவரை நீங்கள் பிரியமாகத்தான் கூப்பிட்டீர்கள். உங்களைச் சின்ன வயசில் தூக்கி வளர்த்த மனுஷர். 'நமக்குள்ள என்னண்ணே முதலாளி, தொழிலாளி, பிடிங்க' என்று கோப்பையை நீட்டுகிறீர்கள். உங்கள் மனசில் வித்தியாசம் இல்லை, அதை நம்புகிறேன். ஆனால் முதலாளி வீட்டுப் பிள்ளை தன் கையால் ஊற்றிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. இன்னொன்று ஊற்றினால் அதற்கும் வராது. தலையை ஆட்டி வாங்கிக்கொள்வார். விடிந்தால் அவர்தான் மருந்து அறைச் சாவியை எடுக்க வேண்டும், கலக்கிறவர் பக்கத்தில் நின்று எடை பார்க்க வேண்டும். மற்ற பழக்கத்தை எல்லாம் மெதுவாக மாற்றிக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

தீ விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆரஞ்சுத் தோலை நெருப்புக்குச்சி முன்னால் மடக்கிப் பிழிந்து, கோப்பைக்கு மேலே தீப்பொறி தெறிப்பதை வீடியோ எடுக்கிறீர்கள். தோலில் இருக்கிற எண்ணெய் பற்றி எரிகிறது, அவ்வளவுதான் வித்தை. அதே மாடியின் கீழே பரணில் பட்டாசு கிப்ட் பாக்ஸ் சாம்பிள் கிடக்கிறது, மூலையில் வண்ணத்தாள் உருளை கிடக்கிறது. தீப்பெட்டியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குள் வந்தார் என்று ஆளை வேலையைவிட்டு நிறுத்துகிற ஊர் நம்முடையது. அந்த முதலாளி வீட்டு மாடியிலேயே தீயை விளையாட்டாகக் காட்டினால், வீடியோ பார்க்கிற தொழிலாளி வீட்டுப் பையனிடம் நாளைக்கு என்ன சொல்வீர்கள்? தோலைக் கையால் முறுக்கிப் பிழிந்தாலே வாசனை கோப்பைக்கு வந்துவிடும்.

பாட்டிலைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நம்மூர்ச் சாதாரணக் கடையில் பிராந்தி கிடைக்கிற மாதிரி ஜின் கிடைப்பதில்லை. அதனால் 'எனக்குத் தெரிஞ்ச இடத்துல சுத்தமான ஸ்பிரிட் இருக்கு, ஜூனிபர் எசன்ஸ் போட்டு நாமே ஜின் செய்யலாம்' என்று பேச்சு வருகிறது. என் காதில் விழுந்தது. பிரஸ் நிறைய ஐசோபுரோப்பைல் கேன், பெயிண்ட் கடை நிறைய தின்னர் இருக்கிற ஊரில் இப்படிப் பேசவே கூடாது. 2023-இல் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயம் குடித்தவர்களின் உயிரை எடுத்தது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். மெத்தனாலை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது, குடிக்கிற ஆல்கஹால் மாதிரியேதான் இருக்கும். சீல் உடைக்காத, லேபிள் உள்ள, கடை பில் உள்ள பாட்டிலைத் தவிர வேறு எதையும் மேசையில் வைக்காதீர்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்கு மார்ட்டினி இல்லை.

இவ்வளவு சொன்னபிறகு, என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன். மருந்துக்கடையில் இருமல் டானிக்கோடு தருகிறார்களே, கோடு போட்ட அளவுமூடி, அது போதும். 30 மில்லி ஜின், 15 மில்லி வெர்மூத், ஒரு தேக்கரண்டி வடிகட்டிய மாவடு நீர். கோப்பையை முன்கூட்டியே பிரீஸரில் வைத்துச் சில்லிட வையுங்கள். கிண்டி வடித்து, ஒரு சின்ன வடுவைக் காம்போடு போடுங்கள். இதில் ஆல்கஹால் 12 கிராம்தான், முழு மார்ட்டினியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். குடித்துப் பார்த்தேன், வாசனையில் எதுவும் குறையவில்லை. வெர்மூத் கூடியதில் மாவடுவின் காரம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வயிற்றுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், விருதுநகர் எண்ணெய் புரோட்டா என்றாலும் சரி, வீட்டு இட்லி என்றாலும் சரி. வண்டியில் வந்தவர் வண்டியை விட்டுவிட்டுப் போக ஏற்பாடு இருக்கட்டும். 21 வயது நிறையாத தம்பியை மேசைப் பக்கமே விடாதீர்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

குடிக்காதவருக்கும் அதே காம்புக் கோப்பையில் கொடுங்கள். மாவடு நீர் இரண்டு தேக்கரண்டி, அரை மூடி எலுமிச்சை, சில்லென்ற கோலிச்சோடா, ஒரு வடு. இதை ஓரமாக எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்தால் அதை எடுக்கிறவர் கூசிப்போவார். எல்லாருக்கும் ஒரே கோப்பை என்றால் யார் கையில் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள், போர்மேன் அண்ணனும் உங்கள் மனசை நோகடிக்காமல் இரவு முழுக்க உட்கார்ந்துவிட்டுப் போவார். மாவடு போட்ட அம்மாவையும் அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கோப்பை கொடுங்கள். தன் ஜாடி நீர் எங்கே போயிருக்கிறது என்று அவரும் ருசி பார்க்கட்டும்.

என் வேண்டுகோள் இதுதான். மருந்து கலக்கிறவர், அவரை மேற்பார்க்கிற போர்மேன், கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர், லோடு வண்டியும் ஆள் வேனும் ஓட்டுகிறவர், இவர்களில் யாருக்காவது விடிந்தால் வேலை இருக்கிறது என்றால், அவர் கோப்பையில் ஆல்கஹால் விடாதீர்கள். அவரே கேட்டாலும் விடாதீர்கள். கம்பெனியை நடத்தப்போகிறவர் நீங்கள் என்றால், இரவில் குடித்துவிட்டேன் என்று காலையில் வந்து உண்மையைச் சொல்கிறவருக்குச் சம்பளம் பிடிக்காமல், கலவை அறைக்கு அனுப்பாமல், அன்றைக்கு மட்டும் கொட்டகைக்கு வெளியே வேலை கொடுங்கள். சம்பளம் போகும் என்ற பயம் இருக்கிறவரை யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

உங்கள் மேசையைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மறுநாள் லீவு. தீபாவளி நெருங்கி ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடுகிற வாரங்களில் மேசையே போட வேண்டாம். ஜின் பாட்டில் கெட்டுப்போகாது. வெர்மூத்தை மட்டும் சீசன் தொடங்குமுன் தீர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
இங்க் ரூமிலிருந்து உங்கள் அண்ணாச்சி